‘ங்க’ இல்லாத பாஷையில் எங்கள் அண்ணன்

அன்புள்ள சொந்தங்களுக்கும், அண்ணனோடு பழகிய நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “உங்கண்ணனைப் பத்தி நீதான் வாய் ஓயாமப் பேசுவே, நீயே எழுதிப்போடு அம்மணி” என்றார் அண்ணி. பேசுவது சுலபம். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியையும் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கிறது. அவர் இருந்திருந்தால் இந்தப் பத்தியிலேயே இரண்டு இடத்தில் கோடு போட்டிருப்பார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில். நெல்லும் வாழையும் வாய்க்கால் தண்ணீரில் விளைந்த பூமி. அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். நான் அப்போது தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. அப்பாவின் முகம் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். அம்மாதான் ஆளோடு ஆளாய் நின்று வெள்ளாமை பார்த்தார். காலையில் மடை திருப்பிவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுவார் அண்ணன். “நீ படி சாமி, மண்ணு எங்கயும் போயிராது” என்று அம்மா சொன்னதால்தான் அவர் கோயமுத்தூர் காலேஜ் வாசலை மிதித்தார்.

அங்கே முதல் வாரமே ஒரு சம்பவம். பாடம் புரிகிறதா என்று புரொபசர் கேட்டிருக்கிறார். தமிழில் படித்துவிட்டு வந்த அண்ணன் எழுந்து நின்று, “ஐ ஆம் வீக் ஃபார் இங்கிலீஷ்” என்று சொல்ல, வகுப்பே சிரித்துவிட்டது. ‘வீக் இன்’ என்று வரவேண்டுமாம். சொன்ன விஷயம் என்னவோ உண்மைதான், சொன்ன விதத்திலேயே அதை நிரூபித்தும்விட்டார் என்று நாங்கள் பின்னாளில் கேலி செய்வோம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் ஆயுசுக்கும் அவர் காதைவிட்டுப் போகவில்லை என்பது கூடப் பிறந்த எனக்குத் தெரியும்.

அப்போது அவர் போத்தனூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். பக்கத்துக் குடித்தனம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். சண்டை போட்டாலும் இங்கிலீஷ்தான். அண்ணன் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே படித்தார். எந்த வார்த்தைக்குப் பின்னால் ‘டு’ வருகிறது, எதற்கு ‘அட்’, எதற்கு ‘வித்’ என்று காது வழியாகவே பிடித்துக்கொண்டார். “இதுக்குச் சட்டம் கிட்டமெல்லாம் இல்லே அம்மணி. சம்பந்தம் பண்ற மாதிரி. இந்த வார்த்தைக்கு இதுன்னு அமைஞ்சிருக்குது, நாம கேட்டுத் தெரிஞ்சுக்கோணும், அவ்வளவுதான்” என்பார்.

படிப்பு முடிந்ததும் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கடிதப் பிரிவு என்று பெரிதாகப் பெயர். பிரிவு என்றால் அண்ணனும் ஒரு டைப்ரைட்டரும். தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, ஆள் மாறவில்லை.

ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்த ஆர்டரைத் திடீரென்று ரத்து செய்துவிட்டார். முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஏனுங்க, அந்த ஆளுக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதுங்க. எங்களைப் பாத்தா ஏமாந்த சோணகிரி மாதிரி தெரியுதான்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏமாற்றம் என்பதற்கு ‘டிஸப்பாயிண்டட்’ என்று எழுதிய அண்ணனுக்கு அடுத்து வரும் குட்டி வார்த்தையிலேயே காலைப் பொழுது முழுதும் ஓடிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் சொன்னார். “‘இன்’னு போட்டு ‘நீங்க’ன்னு எழுதுனா அந்த மனுசனையே குத்துது. ‘வித்’துன்னு போட்டு நடந்த காரியத்தை எழுதுனா, காரியத்தோட நின்னுக்குது. நாளைக்கு அவரு மூஞ்சில நாம முழிக்கோணுமல்லோ?” அந்தக் கடிதத்துக்குத் தன்மையாகப் பதில் வந்தது. பின்னால் ஆர்டரும் வந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த வெளிநாட்டுக்காரரே ஒரு நாள் கோயமுத்தூருக்கு வந்து, கடிதம் எழுதிய ஆளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். அண்ணனை ஆபீஸ் முழுக்கத் தேடினார்கள். ஆளைக் காணோம். இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்குள் போய், மணல் குவியலுக்குப் பக்கத்தில் என்னவோ மேற்பார்வை பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தாராம். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி பூசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவரைப் பார்த்து அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுதும்போது அடித்துத் திருத்தலாம், பேசும்போது முடியாது. அண்ணனின் பயம் அதுதான்.

எங்கள் அண்ணனுக்குக் கோபமே வராது என்று எழுதினால் அண்ணி இந்த மலரைக் கிழித்துவிடுவார். கோபம் வரும். ஆனால் மரியாதை விடமாட்டார். காய்கறி வண்டிக்காரரைத் திட்டுவதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். இங்கிலீஷ் மேல் அவருக்கிருந்த பெரிய குறையே இதுதான். “இந்த பாஷையில ‘ங்க’வை எங்க கொண்டுபோய் வெக்கிறது அம்மணி? எனக்கென்னமோ இந்தக் குட்டி வார்த்தைலதான் மரியாதை உக்காந்திருக்குதுன்னு தோணுது. பந்தை ‘திரோ டு’ன்னா எதிராளி புடிக்கற மாதிரி போடறது. ‘திரோ அட்’டுன்னா அவங்க மேல எறியறது. மத்ததெல்லாம் ஒண்ணேதான்” என்பார். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகைக்கும் லீவு லெட்டருக்கும் அவரிடம்தான் போன் போட்டுக் கேட்பார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்ப் பொறுமையாகச் சொல்லிவிட்டு வருவார்.

இனி நான் எழுதப்போவது சொந்தத்தில் பலருக்குத் தெரியாதது. தப்பாகத் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் மகன் கார்த்தி ஸ்காட்லாந்தில் வேலைக்குப் போன இடத்தில் ஹெலன் என்ற பெண்ணை விரும்பினான். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அண்ணன், “பையனுக்குப் புடிச்சிருக்குது, அந்தப் புள்ளைக்கும் புடிச்சிருக்குது. நாம எதுக்குங்க நடுவுல?” என்று எல்லார் வாயையும் அடைத்தார். கல்யாணம் அங்கேயே நடந்தது. அடுத்து வந்த விடுமுறையில் இருவரும் கோயமுத்தூர் வருவதாகச் சொன்னார்கள்.

மருமகளை என்ன சொல்லி வரவேற்பது என்று அண்ணன் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டார். ‘வெல்கம்’ என்பதற்குப் பின்னால் ‘டு அவர் ஹோம்’ என்று போட்டால் போதுமா, வெறும் ‘வெல்கம்’ என்றால் நன்றி சொன்னவர்களுக்குச் சொல்கிற ‘வெல்கம்’ போல ஆகிவிடுமா, ‘டு’ போட்டால் விருந்தாளியை நிறுத்திவைத்துப் பேசுவது போல இருக்குமா என்று என்னென்னவோ கேட்டார். எனக்கென்ன தெரியும்? “வாங்கன்னு சொல்லுங்கண்ணா, சிரிச்சா புரிஞ்சுக்கும்” என்றேன். டாக்ஸி வந்து நின்றது. ஹெலன் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, “வணக்கம் மாமா” என்று பாடம் பண்ணி வந்த தமிழில் சொன்னாள். அண்ணன் கைகூப்பினார். வாய் திறக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

இருந்த நாளெல்லாம் அப்படியேதான். அவள் ஹாலுக்கு வந்தால் இவர் கொல்லைப்புறம் போய்விடுவார். ஃபவுண்டரிக்குள் ஒளிந்த மனுஷன் கொல்லைப்புறத்தில் ஒளிவதில் ஆச்சரியமில்லை என்று நானும் அண்ணியும் சிரித்துக்கொண்டோம். ஹெலனுக்கு அந்தக் கதை தெரியாதே. மாமனாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கார்த்தியும் அப்படித்தான் நினைத்தான். “அது அவிய சுபாவம் கண்ணு” என்று அண்ணி சொன்னதை, அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று ஏதாவது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் மட்டும் வரும். அண்ணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஹெலன், வாட் சாப்பாடு டுடே? மை லெக் பெயின் கோயிங்” என்று அடித்து விளாசுவார். அவருக்கு வெட்கமும் கிடையாது, பயமும் கிடையாது. இரண்டு பேரும் கலகலவென்று பேசுவார்கள். அண்ணன் கேமராவில் தெரியாதபடி போனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அண்ணி தப்பாகச் சொன்னால் பொறுக்கமாட்டார். “‘டு’ன்னு சொல்லு... ‘டு’... ‘அட்’டு இல்லே... மரியாதையில்லாம இருக்குது” என்று அடிக்குரலில் அதட்டுவார். அண்ணி காதிலேயே வாங்கமாட்டார். எனக்கு அது வாராவாரம் பார்க்கிற சினிமா மாதிரி.

“ஏனுங்கண்ணா, அவிய தப்பாப் பேசுனாலும் பேசறாங்கல்லோ? நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பேசோணும் அம்மணி. எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. அந்தப் புள்ளை நம்ம ஊட்டுக்கு வந்த புள்ளை. அதுகிட்ட முத வார்த்தை கோணலா வந்துரக்கூடாது பாரு. செரியா அமையட்டும், பேசறேன்” என்றார்.

இப்படி வருஷங்கள் போயின. அவருடைய ஆசை எனக்குத் தெரியும். ஹெலன் சிரித்தால் போனுக்குப் பின்னால் இவர் முகமும் மலரும். அவளுக்கு ஜுரம் என்று கேட்ட அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த முதல் வார்த்தை அமையவே இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தபின் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தை திரும்பியது. ஆனால் ஒரு விதமாகத் திரும்பியது. பொருளின் பெயர் வரும், செய்கையின் பெயர் வரும், நடுவில் ஒட்டுகிற வார்த்தைகள் வராது. “சில பேருக்கு இப்படித்தானுங்க ஆகும். குட்டி வார்த்தைகதான் மொதல்ல போகும், கடைசியாத்தான் வரும்” என்றார் அந்தப் பெண். ஆயுசெல்லாம் எதைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாரோ, அதுவே அவரை விட்டுப் போய்விட்டதே என்று நான் சமையலறைக்குப் போய் அழுதேன். மேசைமேல் இருக்கும் டம்ளரைக் கேட்க, “மேசை... டம்ளர்” என்பார். ‘மேல்’ வராது. இடது கையால் மேசையைத் தட்டிக் காட்டுவார்.

கார்த்தி பதறிவிடுவான் என்று அதுவரை அவர்களிடம் மறைத்தே வைத்திருந்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஹெலன், மாமா நாட் வெல்” என்று ஆரம்பித்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் இடது கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். கை போனைக் காட்டியது. அண்ணி தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

அண்ணன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு பக்கம் கோணியிருந்த வாயைத் திறந்தார். “ஹெலன்... கண்ணு... கம்ங்க. ஹோம். கம்ங்க.”

எல்லாம் போனாலும் அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை. இத்தனை வருஷம் எங்கே வைப்பது என்று தேடியவர், சும்மா ஒட்டவைத்துவிட்டார். அந்தப் பக்கம் ஹெலன் அழுதாள். கார்த்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவனும் அழுதான். அண்ணன் நிறுத்தவில்லை. “யூ... ஈட்? கோல்ட் தேர். ஸ்வெட்டர். கம்ங்க. ஐ... டாக்” என்று போய்க்கொண்டே இருந்தார். தப்பாக வந்துவிட்டதே என்ற கூச்சம் அந்த முகத்தில் துளிகூட இல்லை.

கொஞ்சம் ஆறியபின் ஹெலன் அண்ணியிடம் கேட்டாள். மாமாவுக்குத் தன்மேல் கோபம் இல்லையா, தான் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து அதட்டுவாரே, தன்னோடு பேச வேண்டாம் என்று சொல்வதாக அல்லவா நினைத்திருந்தாளாம். அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த அடிக்குரல் ஸ்காட்லாந்துவரை கேட்டது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். கேட்டது இப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. எனக்கும் அண்ணிக்கும் தெரிந்த இங்கிலீஷைப் போட்டுப் புரட்டி, அவர் திட்டியது அண்ணியின் ‘அட்’டையும் ‘டு’வையும்தான், உன்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசிவிடக்கூடாது என்றுதான் என்று சொல்லி முடித்தோம். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “டிக்கெட் போடு” என்று கார்த்தியைப் பார்த்துச் சொன்னாள்.

வந்தார்கள். மாதக்கணக்கில் இருந்தார்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஹெலன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் பேசுவார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் பால்காரர் வந்து போய்விடுவார். எங்களுக்குப் பொறுமை இருக்காது. அவர் “சட்டை” என்று ஆரம்பித்தால், “மாத்தோணுங்களா? நீலமுங்களா? பொத்தான் போடட்டுங்களா?” என்று நாங்களே சொல்லி முடித்துவிடுவோம். பாசம்தான், வேறொன்றுமில்லை. அவரும் போனால் போகிறது என்று தலையாட்டிவிடுவார். ஹெலனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அதனால் காத்திருப்பாள்.

ஒரு நாள் தூறல் போட்டது. அண்ணன், “ரெயின்” என்றார். அண்ணி, “உள்ள போலாமுங்களா?” என்று எழுந்தார். ஹெலன் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது. “ரெயின். பிக். கெனால். ஃபாதர்.” நீண்ட இடைவெளி. “சிஸ்டர்... பேபி... ஷோல்டர். ஃபாதர் வாக். வாட்டர்.” இடது கையை நெஞ்சுவரை உயர்த்தித் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று காட்டினார். “சிஸ்டர் லாஃப். ஐ... க்ரை.”

வாய்க்கால் பெருகிய ஏதோ ஒரு மழையில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நடந்து அக்கரை போயிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன். கரையில் நின்ற அண்ணன் பயந்து அழுதிருக்கிறார். அந்த நாள்வரை எனக்கு இது தெரியாது. அம்மா சொன்னதில்லை. அண்ணனும் சொன்னதில்லை, அல்லது சொல்ல ஆரம்பித்து நாங்கள் முடித்துவைத்துவிட்டோமோ என்னவோ. முகமே நினைவில் இல்லாத என் அப்பாவின் தோளில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதை, காத்திருக்கத் தெரிந்த ஒரு ஸ்காட்லாந்துப் பெண் எனக்கு வாங்கிக் கொடுத்தாள்.

அவர்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில் இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்தது. இந்த முறை அண்ணன் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த ஹெலன், நம் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்களில் சிலர் ஆச்சரியப்பட்டீர்கள். மாமனாரும் மருமகளும் பேச்சே கிடையாதாமே என்று என் காதுபடக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். எங்கள் வீட்டிலேயே அவரோடு அதிகம் பேசியவள் அவள்தான்.

அண்ணனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ் பெண்களுக்கும், பேச்சைத் திரும்பக் கொண்டுவந்த அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கும், நேரம் பார்க்காமல் வண்டி எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்து தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், கோபியிலிருந்து வந்து கடைசிவரை கூட நின்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார், ஆகையால் அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஹெலன், இதைக் கார்த்தி உனக்குப் படித்துச் சொல்வான். உனக்கு நன்றி சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவள் நீ ஒருத்திதான் கண்ணு.

அண்ணா, அந்த மழையைப் பற்றி உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவோ இருக்கிறது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார், திரும்பி வந்து உங்களை எடுத்துக்கொண்டாரா, அழுத உங்களை என்ன சொல்லித் தேற்றினார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன். இப்போது எனக்கு நாள் முழுக்க நேரமிருக்கிறது, வாசலில் அந்த ஸ்டூலும் இருக்கிறது, நீங்கள்தான் இல்லை.

கண்ணீருடன்,
உங்கள் தங்கை